யாளி வாயில் உருளும் கல்

விரலால் தள்ளினால் உருளும். வெளியே எடுக்க வராது. வாய்க்குள்ளேயே கிடக்கும், வயிற்றுக்குள் போகாது. அது என்ன? தெரியாதவர்கள் கதையைக் கேளுங்கள்.

அந்தக் காலத்தில் விலங்குகளும் மனிதர்களும் ஒரே மொழி பேசினார்கள். ஒரு மலையடியில் யாளி ஒன்று இருந்தது. சிங்கத்தின் உடல், யானையின் தும்பிக்கை. பிடரி மயிர் இருக்கிறதே என்று யானைகள் அதைச் சேர்க்கவில்லை. தும்பிக்கை இருக்கிறதே என்று சிங்கங்களும் சேர்க்கவில்லை. அதனால் அது கோயில் கட்டும் கல்தச்சர்களின் கொட்டகைக்கு வந்து உட்காரும். அவர்கள் கல் செதுக்கிக்கொண்டே ஒருவரையொருவர் கேலி செய்வார்கள். யாளிக்கு அதைக் கேட்க அவ்வளவு ஆசை.

ஆனால் யாளி சிரித்தால் மலையே அதிரும். ஒரு சிரிப்பில் ஒரு தூண் விரிசல் விட்டது. பத்து நாள் கழித்து இன்னொன்று.

தலைமைத் தச்சர் விடங்கர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "இன்னொரு தூண் போனால் கோயில் எழும்பாது, யாளியாரே. நீங்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்."

"எந்த இடம்?" என்று யாளி கேட்டது.

விடங்கர் விரிசல் விட்ட தூணின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாளும் யாளி வந்து உட்கார்ந்தது. அது சிரித்துவிடுமோ என்று யாரும் கேலி பேசவில்லை. உளிச் சத்தம் மட்டும் கேட்டது. அப்போது பார்த்து, காரி என்ற தச்சர் உளியைத் தலைப்பாகையில் செருகிக்கொண்டு, அதைக் காணோம் என்று கொட்டகை முழுக்கத் தேடினார். "எவன்டா எடுத்தது?" என்று யாளியின் வாலைக்கூடத் தூக்கிப் பார்த்தார்.

விடங்கரின் மகள் நாச்சிக்குச் சிரிப்பு வந்தது. 'கிளுக்' என்று மட்டும்தான் வந்தது. தாகம் தெரியாமல் இருக்கக் கல்தச்சர்கள் வாயில் ஒரு கூழாங்கல்லை அடக்கிக்கொள்வார்கள். அவள் வாயிலும் ஒன்று இருந்தது. வாய் திறந்தால் விழுந்துவிடும்.

யாளியின் வயிறு குலுங்கத் தொடங்கியது. நாச்சி ஓடிப்போய், செதுக்கி வைத்திருந்த கல் உருண்டை ஒன்றை அதன் வாயில் போட்டாள்.

"விழுங்காதே. கீழேயும் போடாதே."

யாளி சிரித்தது. கடகடவென்று உருண்டை உருண்டது, அவ்வளவுதான். விடங்கர் பக்கத்தில் நின்ற தூணை மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து மூச்சு விட்டார். பிறகு எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். யாளியும்தான்.

அந்தத் தூணிலேயே யாளியை உருண்டையோடு செதுக்கினார்கள். அன்று முதல்தான் தூண் யாளியின் வாயில் கல் இருக்கிறது. வாயைத் திறப்பது யாளியின் விருப்பம் என்பதால் நம்மால் அதை எடுக்க முடிவதில்லை.

செதுக்கும்போது விடங்கர், கல்லை அசையாமல் விடுவதா, உருள விடுவதா என்று மகளைக் கேட்டார். உருளட்டும் என்றாள் நாச்சி.