கொக்கி இல்லாத பட்டை

குடியிருப்பைக் காலி செய்ய வைப்பதற்காக முதலில் குடிநீர்க் குழாயை அடைத்தார்கள். அடுத்து மின்சாரத்தை வெட்டினார்கள். மூன்றாவதாக, பால்வாடிக்குப் பூட்டுப் போட்டார்கள். நான்காவதாக, தட்டிக் கேட்ட தங்கவேலின் முழங்காலை ஒரு காக்கிச் சட்டைக்காரன் உடைத்தான். ஐந்தாவதுதான் எல்லாவற்றிலும் கேவலம். பெயர் தெரியாதவன் மேல் புகார் எடுக்க முடியாது என்று காவல் நிலையத்தில் சொல்லி அனுப்பினார்கள்.

அதன் பிறகுதான், மில் சங்கத்தில் காலமெல்லாம் கொடி பிடித்த அருமைநாயகம், அறுபது வயதில் கேமரா பிடிக்கக் கற்றுக்கொள்ளப் போனார். குரு மரியபுஷ்பத்துக்கு அவருடைய மகள் வயது. கூட்டங்களையும் தடியடிகளையும் படமெடுத்தே பழுத்தவர். பேச்சு குறைவு.

அவர் கொடுத்த கேமரா அம்மிக்கல் கனம். முரட்டு நாடாவில் தைத்த பட்டை கழுத்தை அறுத்தது. அருமைநாயகம் கொஞ்ச நாள் பொறுத்தார். பிறகு கடைத்தெருவுக்குப் போய், உள்ளே பஞ்சு வைத்த அகலப் பட்டை ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு, புது மாப்பிள்ளை மாதிரி வந்து நின்றார்.

"எப்படி இருக்கு டீச்சர்? கனமே தெரியலை. கொக்கியை அழுத்தினால் போதும், கழன்று வந்துவிடும்."

மரியபுஷ்பம் கிட்டே வந்தார். இரண்டு விரலால் கொக்கியை அழுத்தினார். கேமரா அவர் கைக்குப் போய்விட்டது.

"வசதிதான் அய்யா," என்றார். "யாருக்கு?"

அருமைநாயகத்துக்குச் சுருக்கென்றது. போலீஸ் வேனில் ஏறி இறங்கியே நரைத்தவனுக்கா இந்தப் பாடம் என்று முணுமுணுத்தார். ஆனாலும் பழைய பட்டையையே மாட்டிக்கொண்டார். அதில் கொக்கி கிடையாது. நீளமும் குறைவு. தலையைக் குனிந்தாலொழியக் கழற்ற முடியாது.

மறுநாள் தூறலோடு தூறலாக வீடுகளை இடிக்க வந்தார்கள். முன்னால் நின்ற காக்கிச் சட்டைக்காரன்தான் தன் முழங்காலை உடைத்தவன் என்று தங்கவேல் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் காட்டினார். சட்டையில் இருந்த பெயர் வில்லையை மழைக்கோட்டு மறைத்திருந்தது. அருமைநாயகம் நேரே போய் அவன் எதிரில் நின்றார்.

கேமராவைக் கழற்றித் தரச் சொன்னான். தர முடியாது என்றார்.

"தலையைக் குனிடா, கிழவா."

"அது மட்டும் பழக்கமில்லை, தம்பி."

இரண்டு கையாலும் பட்டையைப் பிடித்து இழுத்தான். கழுத்தில் ரத்தம் கசிந்தது. பட்டை வரவில்லை. அருமைநாயகம்தான் வந்தார், அவன் மூச்சு முகத்தில் படும் தூரத்துக்கு. இழுத்த இழுப்பில் அவன் மழைக்கோட்டின் பொத்தான்கள் தெறித்தன. கேமராவின் விசை மேல் இருந்த அவருடைய விரல் மட்டும் நகரவில்லை.

ஊர் திரண்டு வந்த பிறகே அவன் கையை எடுத்தான்.

கழுத்தில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு சீடர் கேட்டார். "இப்பவாவது இதில் கொஞ்சம் பஞ்சு வைத்துத் தைத்துக்கலாமா, டீச்சர்?"

மரியபுஷ்பம் கேமராவை வாங்கித் திரையில் படத்தைப் பெரிதாக்கினார். தங்கவேலைக் கைத்தாங்கலாக முன்னால் அழைத்து வரச் சொன்னார். சுற்றி நின்ற அத்தனை பேரையும் சாட்சியாகக் கேட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு, நிதானமாக, உரக்கப் படித்தார்.

"உதவி ஆய்வாளர் கோ. வரதபாண்டியன்."