குடத்துக்கு ஒரு சொல்

டாக்டர் ஞானசிகாமணிக்கு ஐம்பத்திரண்டு வயது. அவருடைய குரு முப்பிடாதிக்கு இருபது. கல்லூரிப் பிள்ளைகளைச் சேர்த்து வில்லுப்பாட்டுக் குழு நடத்துகிறவள். டாக்டர் அவளைப் 'புலவரே' என்று மரியாதையாகக் கூப்பிட்டு, அவளிடம் குடம் அடிக்கக் கற்றுக்கொண்டிருந்தார்.

பக்கத்து ஊரில் குழந்தைகளுக்குத் தட்டம்மை. இந்த ஊரில் தடுப்பூசி முகாம் போட்டால் ஈ காக்காய் வரவில்லை. சரி, பாட்டாகவே சொல்லிவிடுவோம் என்று தடுப்பூசியின் பெருமையை எல்லாம் டாக்டரே எழுதிக் கொடுத்தார். பிள்ளைகள் தேனாகப் பாடினார்கள். ஊர் கைதட்டியது. தட்டிய கையோடு குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டது.

டாக்டருக்கு அழுகையே வந்துவிட்டது.

"புலவரே, பாட்டுல என்ன கொறை?"

"சாயந்திரம் மறுபடியும் பாடுவோம் சார். நீங்க குடத்துக்கு உக்காருங்க. குடத்துக்கு ஒரே சொல்லுதான். 'ஆமா.' வேற எதுக்கும் வாயைத் தொறக்கக் கூடாது."

"நான் டாக்டரும்மா!"

"அதனாலதான் சொல்லுதேன்."

சாயந்திரம் கோயில் முன்னால் வில் கட்டினார்கள். முப்பிடாதி வீசுகோலால் வில்லின் நாணைத் தட்டினாள். டாக்டரின் பாட்டை அவள் எடுக்கவே இல்லை. குழுவின் கடைக்குட்டி செல்லக்கனி ராகம் போட்டு இழுத்தாள்.

"எங்க அக்கா கேக்கச் சொன்னா, எதுக்க நின்னு கேக்க வெக்கம்... ஊசி போட்டாக் காய்ச்சல் வருமா, டாக்டரே?"

பாட்டில் டாக்டர் பூசி மெழுகியிருந்த சங்கதியே அதுதான். கூட்டம் மொத்தமும் அவர் வாயைப் பார்த்தது. விளக்கம் சொல்ல நாக்கு துறுதுறுத்தது. முப்பிடாதி வீசுகோலைத் தூக்கிக் காட்டினாள்.

"ஆமா" என்றார், சன்னமாக.

கூட்டத்தில் சலசலப்பு. போச்சு, முகாம் அவ்வளவுதான் என்று டாக்டருக்கு வியர்த்தது. அப்போது கைக்குழந்தையோடு ஒருத்தி எழுந்தாள். செல்லக்கனியின் அக்காதான்.

"ரெண்டு நாள்ல விட்டுருமா?"

"ஆமா."

"உங்க பேரப்பிள்ளைக்கும் போட்டியளா?"

"ஆமா!" குடத்தில் ஓங்கி ஓர் அடி விழுந்தது.

"அது காய்ச்சல்ல அழுதப்போ, நீங்க பயந்தியளா?"

டாக்டர் கொஞ்சம் தயங்கினார்.

"ஆமா."

ஊரே சிரித்தது. அதற்கப்புறம் கேள்விக்குப் பஞ்சமில்லை. பிள்ளைகள் ஒவ்வொன்றையும் சூட்டோடு சூடாகப் பாட்டில் போட, டாக்டருக்கு முந்தி ஊரே 'ஆமா' போட்டது. வழுக்கைத் தலைப் பெரியவர் ஒருவர், "எனக்கு முடி முளைக்குமா?" என்றார். டாக்டர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

மறுநாள் முகாமில் வரிசை தெருமுனை வரை நின்றது. முதல் ஆள் செல்லக்கனியின் அக்கா. ஊசி பட்டுக் குழந்தைகள் வீறிட, தாய்மார்கள் "காய்ச்சல் வருமா டாக்டரே" என்றே தாலாட்டினார்கள். டாக்டருக்குக் கால் தரையில் பாவவில்லை.

"புலவரே! பக்கத்து ஊருக்கும் பாட்டு ரெடி. இந்தத் தடவை காய்ச்சலையும் சேத்துட்டேன்!" என்று காகிதத்தை நீட்டினார்.

முப்பிடாதி வாங்கவில்லை. வில்லிலிருந்த மணிகளை அவிழ்த்துக்கொண்டே சொன்னாள்.

"அந்த ஊரு இன்னும் ஒண்ணுமே கேக்கலியே சார்."

டாக்டர் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"ஆமா" என்றார்.