நரி அழத் தேடிய வெங்காயம்

மலையடிவாரக் காட்டில் விலங்குகள் எல்லாம் வெங்காயம் பயிரிட்டுப் பிழைத்தன. சிவப்பு, வெள்ளை, கொத்தாய் விளையும் சின்னது என்று பாத்திக்கு ஒரு ரகம். ஒன்று அடைமழையைத் தாங்கும். ஒன்று கோடை முழுக்கக் கெடாது. இன்னொன்றை உரித்தால் யானைக்கும் கண் கலங்கும்.

ஒருநாள் குள்ளநரி எங்கிருந்தோ புது விதை கொண்டுவந்தது. முயல் தலை அளவுக்கு விளைந்தது வெங்காயம். உரித்தால் கண் துளியும் எரியவில்லை. காடே நரியைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது. சும்மா இருக்குமா நரி? பழைய விதை வெங்காயத்தை எல்லாம் ஓடையில் கொட்டச் சொன்னது. எல்லோரும் கொட்டினார்கள்.

முள்ளம்பன்றி மட்டும் ரகத்துக்குக் கொஞ்சம் பொறுக்கி, வளையில் கட்டித் தொங்கவிட்டது. "என்னக்கா, குப்பைக்குக் காவலா?" என்று நரி கேலி செய்தது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒரு பாத்தியில் வந்த அழுகல், எல்லாம் ஒரே ரகம் என்பதால், காடு முழுக்கப் பரவியது. அடுத்த போகத்துக்கு விதைகூட மிஞ்சவில்லை. வயிறு காய்ந்தவர்கள் நரியைத் தேடினார்கள்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. தப்பு செய்தவர் சபையில் கண்ணீர் விட்டு அழுதால் மன்னிப்பு. கண் நனையாவிட்டால் காட்டை விட்டே துரத்திவிடுவார்கள்.

நரிக்கா அழுகை வரும்? வாலைக் கடித்துப் பார்த்தது. செத்துப்போன பாட்டனை நினைத்துப் பார்த்தது. அழுகாமல் கிடந்த ஒரு புது வெங்காயத்தை உரித்தும் பார்த்தது. கண் காய்ந்தே கிடந்தது. எரியாத வெங்காயத்தைக் கொண்டுவந்ததே அதுதானே, யாரை நோவது?

கடைசியில் முள்ளம்பன்றியின் வளைக்கு ஓடியது.

"அக்கா, காரமான வெங்காயம் ஒண்ணே ஒண்ணு குடுங்க."

"குப்பையில என்ன தம்பி தேடுற?"

"உசுரு போற நேரத்துல கிண்டல் பண்ணாதீங்கக்கா."

முள்ளம்பன்றி முட்கள் சலசலக்கச் சிரித்தது. பிறகு ஒன்றை எடுத்துக் கொடுத்தது. "நசுக்கி ரெண்டு கன்னத்துலயும் பூசிக்க. கழுவிட்டு மட்டும் போயிடாத."

சபையில் நரி தாரை தாரையாகக் கண்ணீர் விட்டது. அப்படி ஒரு நீலிக்கண்ணீரைக் காடு கண்டதில்லை. முயல்கூட இரக்கப்பட்டது. ஆனால் தலைவி யானையின் தும்பிக்கை மெல்ல நீண்டு நரியின் கன்னத்தை மோந்தது.

"அழுகை பொய்," என்றது யானை. "ஆனா வெங்காயம் நெசம். எங்க கெடைச்சுது?"

நரி முள்ளம்பன்றியின் வளைப் பக்கம் கையைக் காட்டியது. அவ்வளவுதான், தண்டனையை மறந்து சபை மொத்தமும் வளைக்கு ஓடியது. அங்கே முள்ளம்பன்றி எல்லா ரகத்தையும் வாசலில் பரப்பிவைத்துக் காத்திருந்தது. பட்டினிக்குப் பயந்திருந்தவர்கள் அதைக் கண்டு வாய்விட்டு அழுதார்கள். அந்தக் கண்ணீர் பொய்யில்லை.

நரியைத் துரத்திவிடலாமா என்று யானை கேட்டது. "வேணாம். இத்தனை ரகத்துக்கும் பாத்தி கட்ட ஆள் வேணுமே," என்றது முள்ளம்பன்றி.

அதனால், புதிதாக ஒன்று கைக்கு வந்தது என்று பழைய விதைகளைக் கொட்டிவிடாதீர்கள். எந்த விதை எந்த நாளில் உயிர் காக்கும் என்று யாருக்கும் தெரியாது.