சோணைமுத்து கேட்காத ஒன்று

புலிக்கரட்டு அடிவாரத்தில் மெய்யம்மாள் என்று ஒரு ஞானி இருந்தார். இருந்தார் என்றால் இப்போதும் இருக்கிறார். போன் போட்டால் எடுப்பார். வயது நாற்பத்திரண்டுதான். ஆனாலும் அவரைவிட இருபது வயது மூத்தவர்கள்கூட தாயி என்றே கூப்பிடுவார்கள். பதிலுக்கு அவர் மூத்த ஆண்களையெல்லாம் அண்ணே என்பார். அவருடைய குடிலில் உபதேசம் குறைவு, வேலை அதிகம்.

அவரிடம் சீடராக வந்து சேர்ந்தவர் சோணைமுத்து. முப்பத்தொரு வருஷம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். அப்பேர்ப்பட்ட மனிதர் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் நேரம் தவறினார்.

அது இரண்டு வருஷத்துக்கு முன்னால், பொங்கல் நெரிசலில். தங்கச்சி பஞ்சவர்ணத்தின் வீட்டுக்காரர் இறந்துபோனார் என்று காலை பத்து மணிக்குச் சேதி வந்தது. மூன்று மணி நேரப் பயணம். இன்னும் இரண்டு ஸ்பெஷல் வண்டியை அனுப்பிவிட்டுக் கிளம்பலாம் என்று நினைத்தார். இரண்டு நாலாகி, நாலு ஏழானது. பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைப் பையில் வைத்துக்கொண்டு அவர் போய் இறங்கியபோது, சுடுகாட்டுக்குப் போனவர்கள் குளித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் வந்துவிடுவான் என்று பொழுது சாயும்வரை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். பஞ்சவர்ணம் அவரைப் பார்த்து அழவில்லை. "எல்லா வண்டியையும் அனுப்பிட்டியாண்ணே?" என்று மட்டும் கேட்டாள். அண்ணன் தங்கச்சி பேச்சு அதோடு நின்றது.

இப்போது பஞ்சவர்ணத்தின் மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் இல்லாமல் அந்தப் பக்கத்தில் கல்யாணமே கிடையாது. பத்திரிகை போனுக்குப் படமாக வந்திருந்தது. அதன் கீழே தங்கச்சி பதினோரு நொடிக்கு ஏதோ பேசி அனுப்பியிருந்தாள். வந்து பதினெட்டு நாளாகிறது, சோணைமுத்து அதை இன்னும் கேட்கவில்லை.

கேட்கக் கூடாது என்றில்லை. தினமும் அதற்காகத்தான் போனை எடுப்பார். எடுத்ததும் நாளைக்கு மழை உண்டா என்று பார்ப்பார். எவனோ பலாப்பழம் வெட்டுவதை முக்கால் மணி நேரம் பார்ப்பார். பழைய பாட்டு ஒன்று கேட்பார். கீழே வைத்துவிட்டு, எதற்கு எடுத்தோம் என்று முழிப்பார்.

இந்த நிலைமையில்தான் ஒரு நாள் காலையில் போனைத் தாயியிடம் கொண்டுபோய்க் காட்டினார். தங்கச்சி விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை.

"தாயி, இது என்னன்னு சொல்லுங்க."

"போன்."

"அதுதான் இல்லைங்கிறேன். மணி பாத்தா கடிகாரம். அமுக்குனா லைட்டு. பாட்டுப் பொட்டி, படம் புடிக்கிற பொட்டி, சினிமாக் கொட்டகை, தபாலாபீசு, பஞ்சாங்கம் எல்லாம் இதுக்குள்ளதான் கெடக்கு. ஒண்ணுக்குன்னு எடுத்தா இன்னொண்ணுல போயி நிக்கிறேன். என் புத்தியும் இது மாதிரியே ஆயிப்போச்சு. இம்புட்டும் சேந்தது எப்படித் தாயி ஒண்ணா இருக்கும்? இது எது?"

தாயி கையை நீட்டினார். சோணைமுத்து போனைக் கொடுத்தார். தாயி அதைத் தன் டிரங்குப் பெட்டியில் வைத்து மூடினார்.

"இங்க வழக்கம் தெரியும்ல? என்ன வேணும்னாலும் கேக்கலாம். எதுக்குன்னு சொல்லிக் கேக்கணும்."

"தெரியும் தாயி."

குடிலில் அது நெடுநாள் வழக்கம். வருகிறவர்கள் விட்டுப்போன சாமான்களெல்லாம் பின்கட்டில் ஓர் அறையில் கிடக்கும். மண்வெட்டி முதல் மூக்குக்கண்ணாடி வரை அதில் இல்லாதது இல்லை. சமையல் பார்க்கும் மாயழகுதான் அந்த அறைக்கும் பொறுப்பு. எதற்கு என்று சொன்னால் எடுத்துத் தருவார், சொல்லாவிட்டால் தர மாட்டார்.

அரை மணி நேரம்கூட ஆகவில்லை. சோணைமுத்து திரும்பி வந்தார்.

"தாயி, போனக் கொஞ்சம் குடுங்க."

"எதுக்குண்ணே?"

"மணி பாக்க."

"மாயழகு, அண்ணனுக்கு டைம்பீஸ் எடுத்துக் குடு."

டைம்பீஸ் நாலு நிமிஷம் முந்தி ஓடியது. சோணைமுத்து அதைத் திருகிச் சரிசெய்து தன் அறையில் ஜன்னல் ஓரம் வைத்தார். ஒரு வேலை முடிந்த திருப்தி. அது சாயங்காலம்வரைகூடத் தாங்கவில்லை. கட்டிலுக்கு அடியில் செருப்பைத் தேட வெளிச்சம் வேண்டியிருந்தது. டார்ச் லைட் வந்தது. மறுநாள் செய்தி கேட்க ரேடியோ வந்தது. தேதி பார்க்கக் காலண்டர் வந்தது, நாளுக்கு ஒரு தாள் கிழிக்கிற காலண்டர். தலை சீவப் போனைக் கேட்டபோது மாயழகுவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"மொகத்தையும் போன்லதான் வச்சிருந்தீகளாண்ணே?" என்று கேட்டுக்கொண்டே முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தார்.

நாலாம் நாள் சோணைமுத்து மறுபடியும் வந்தார்.

"எதுக்குண்ணே?"

"நடந்த கணக்குப் பாக்க. தினம் ஆறாயிரம் அடி நடக்கணும்னு டாக்டர் சொல்லிருக்காரு. அது எண்ணிரும்."

தாயி அறுபது புளியங்கொட்டையை எண்ணி அவர் கையில் கொட்டினார். "நூறு அடிக்கு ஒண்ணு. வலது பையில இருந்து இடது பைக்கு மாத்துங்க."

சோணைமுத்து கரட்டைச் சுற்றி நடந்தார். பாதி வழியில் எந்தப் பை நடந்த பை, எந்தப் பை நடக்காத பை என்று குழம்பிப்போய் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். எதிரே ஒரு மயில் தோகை விரித்து நின்றது. அடித்துப் பிடித்துக் குடிலுக்கு ஓடி வந்தார்.

"தாயி, மயில்! போன்!"

"எதுக்குண்ணே?"

"போட்டோ எடுக்க!"

மாயழகு தேடித் துடைத்து ஒரு பழைய கேமராவைக் கொண்டுவந்தார். சோணைமுத்து பின்பக்கத்தைத் திறந்து பார்த்தார்.

"ரோல் இல்லையே தாயி."

"மயில் இருக்கா?"

"இருந்துச்சு. இந்நேரம் போயிருக்கும்."

தாயி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சோணைமுத்துவுக்கு எரிச்சலாக வந்தது. இதில் ஏதாவது பாடம் இருக்கிறதா, அல்லது இவருக்கு நம்மை அலையவிடுவதில் ஒரு சந்தோஷமா என்று புரியவில்லை. அடுத்த நாள் மழை வருமா என்று பார்க்கப் போனைக் கேட்டார். தாயி எழுந்து முற்றத்துக்கு வந்து, கையை நெற்றியில் வைத்து வானத்தை நாலு பக்கமும் பார்த்தார்.

"தெரியலையேண்ணே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஏழாம் நாள்தான் சோணைமுத்துவுக்குத் தலையே சுற்றியது. அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் தாயி குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார். அவர் கையில் போன். அதில் லைட் எரிந்தது.

"தாயி! நீங்க மட்டும் போன் வச்சிருக்கீங்க?"

"ஆமா."

"அதுல லைட்டும் அடிக்கிறீங்க?"

"ஊசி விழுந்துருச்சுண்ணே."

"அப்ப எனக்கு மட்டும் ஏன் தாயி டார்ச் லைட்டு?"

தாயி மூட்டைக்கு அடியிலிருந்து ஊசியை எடுத்தார். லைட்டை அணைத்தார். போனை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"ஊசியத் தேடுனேன். ஊசி கெடச்சுது" என்றார்.

சோணைமுத்து அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தார். ஒன்றும் விளங்கவில்லை. போன் கெட்டதென்றால் தாயியிடம் எப்படி இருக்கும்? நல்லதென்றால் பெட்டியில் ஏன் வைத்து மூடினார்? தன்னிடமிருந்து பிடுங்கியது போனையா, வேறு எதையாவதா? இது இப்படியென்றால், காலண்டர் வேறு அவரைப் படுத்தியது. காலையில் ஒரு தாளைக் கிழித்ததும் விரலால் மற்ற தாள்களைத் தூக்கிப் பார்ப்பார். கல்யாணத் தேதி தெரியும். உடனே விட்டுவிடுவார். போனில் தேதி இத்தனை பக்கத்தில் தெரிந்ததில்லை.

அறை நிறைந்துகொண்டே வந்தது. கடிதம் எழுத இன்லேண்டு தாள் கேட்டு வாங்கி வைத்திருந்தார், யாருக்கும் எழுதவில்லை. சின்ன எழுத்தைப் படிக்கப் பூதக்கண்ணாடி இருந்தது. கணக்குப் போட ஒரு சிலேட்டு, சீட்டு விளையாட ஒரு கட்டு, மாத்திரை நேரத்தை ஞாபகப்படுத்த மாயழகுவே வந்து கதவைத் தட்டுகிற ஏற்பாடு. படுக்கத்தான் இடமில்லை. காலை நீட்டினால் ரேடியோ இடித்தது.

இத்தனையும் வந்த பிறகும், கை மட்டும் சட்டைப் பையைத் தடவுவதை நிறுத்தவில்லை. மணி தெரிந்த பிறகும் தடவும். செய்தி கேட்ட பிறகும் தடவும். எதைத் தேடுகிறது என்று கைக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலையில் தாயியிடம் போய் நின்றார்.

"தாயி, தோத்துட்டேன். ஒண்ணா இருந்தப்பதான் கொழப்பம்னு நெனச்சேன். பிரிச்சு வச்ச பெறகும் அதே கொழப்பமாத்தான் இருக்கு. எல்லாம் வந்துருச்சு, ஆனா என்னமோ ஒண்ணு வரல. அது என்னன்னு வெளங்கல. அழுகையா வருது."

"உங்க அறையப் பாக்கலாமாண்ணே?"

தாயி டிரங்குப் பெட்டியைத் திறந்து போனை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் வந்தார். இருக்கிற கொஞ்ச இடத்தில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். போனைத் தாயி தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒவ்வொண்ணாச் சொல்லுங்க. இது எதுக்கு?"

"மணி பாக்க."

"இது?"

"செய்தி கேக்க. பாட்டும் கேக்கலாம்."

"இது?"

"தேதி பாக்க. அது தலை சீவ. அது லைட்டு. அந்தப் புளியங்கொட்டை எதுக்குன்னு உங்களுக்கே தெரியும்." சோணைமுத்து வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். வண்டி நம்பர் வாசித்த பழக்கம், ஒன்றைக்கூட விடவில்லை.

தாயி போனை உயர்த்திக் காட்டினார். "அப்ப இதுக்குள்ள மிச்சம் என்னண்ணே இருக்கு?"

"ஒண்ணும் இல்ல தாயி. எல்லாம் வெளிய வந்துருச்சு."

"நெசமாவா?"

சோணைமுத்து மறுபடியும் ஒருமுறை எல்லாவற்றையும் பார்த்தார். "நெசமாத்தான். வேற என்ன இருக்கு?"

"பன்னெண்டு நாளாக் கேட்டீங்க. நீங்க கேட்டதையெல்லாம் எண்ணிக்கிட்டே வந்தேன். யாருகிட்டயாச்சும் பேசணும்னு ஒரு நாள்கூட நீங்க கேக்கலையேண்ணே."

சோணைமுத்துவுக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. அந்தப் பதினோரு நொடியில் பஞ்சவர்ணம் என்ன சொல்லியிருப்பாள்? பழைய கேள்வியையே மறுபடி கேட்டிருந்தால் என்ன செய்வது? மழையும் பலாப்பழமும் பாட்டும் எதற்கு நடுவில் வந்து நின்றன என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. அவை தாமாக வரவில்லை, அவர்தான் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு நிறுத்தியிருக்கிறார்.

கையை நீட்டினார்.

"போனக் குடுங்க தாயி."

"எதுக்குண்ணே?"

இதுவரை அந்தக் கேள்விக்கு அவர் யோசித்ததே இல்லை, கேட்டவுடன் பதில் வந்துவிடும். இப்போது ஒவ்வொரு சொல்லாகத் தேட வேண்டியிருந்தது.

"என் தங்கச்சி… பஞ்சவர்ணம்னு பேரு. அவகிட்டப் பேச. அவ புருஷன் செத்தப்ப நான் நேரத்துக்குப் போகல தாயி. அவ மகளுக்கு இன்னும் ஒம்பது நாள்ல கல்யாணம்."

தாயி போனை அவர் உள்ளங்கையில் வைத்தார். "தினம் சார்ஜ் போட்டுத்தான் வச்சிருந்தேன்" என்றார்.

சோணைமுத்து திரையைத் தொட்டார். அவரை அறியாமலே தலை ஜன்னல் பக்கம் திரும்பியது.

"மணி பத்தே கால் தாயி. இந்நேரம் அவ சமையல்ல இருப்பா. கல்யாண வீடு வேற, ஆள் வரத்து இருக்கும். ஒரு பன்னெண்டு மணிக்கு மேல…"

தாயி எழுந்தார். ஜன்னல் ஓரம் இருந்த டைம்பீஸை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார்.

"தாயி, அது எதுக்கு?" என்று பதறினார் சோணைமுத்து.

"தங்கச்சிகிட்டப் பேசுறப்ப மணி பாக்காதீங்கண்ணே."