பாராசூட்டில் போட்ட ஓட்டை

கண்மாய் வற்றிவிட்டால் அந்த ஊரில் சிலர் அந்தக் காய்ந்த தரையில் ராக்கெட் விடக் கிளம்பிவிடுவார்கள். அட்டைக் குழாயில் செய்த சின்ன ராக்கெட்டுகள்தான். மேலே போய், மூக்கு கழன்று, உள்ளேயிருந்து பாராசூட் விரிந்து இறங்கும். அவர்களுக்குக் குரு திலகவதி டீச்சர். சீடர்களில் மூத்தவர் அருளப்பன், பஸ் கண்டக்டர். டீச்சரைவிட இருபது வயது பெரியவர். வயதைப் பார்த்தால் பாடம் கேட்க முடியுமா?

அன்றைக்கு அவர் கொண்டுவந்தது மகள் ஜெசிந்தாவின் ராக்கெட். நர்ஸ் வேலைக்கு வெளியூர் போகுமுன் அப்பாவோடு உட்கார்ந்து ஒட்டியது. ஞாயிறுதோறும் போனில் கேட்பாள்.

"விட்டாச்சாப்பா?"

"காத்து சரியில்லம்மா."

காற்றெல்லாம் சரியாகத்தான் இருந்தது. அவருக்குத்தான் மனசு வரவில்லை. போன தடவை வேறொரு ராக்கெட் தொப்பென்று விழுந்து நொறுங்கியதைக் கண்ணால் பார்த்தவர். அதனால் மனைவியின் நைலான் சேலையைக் கிழித்து, பெரிய பாராசூட்டாகத் தைத்து வந்திருந்தார்.

கூட இருந்த முத்துராக்கு அதை விரித்துப் பார்த்தான்.

"அண்ணே, யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தல்?"

"போடா. எனக்கு இது பூ மாதிரி இறங்கணும்."

டீச்சர் பக்கம் திரும்பினார். "ஒரு கீறல் இல்லாம இது எங்கிட்ட வந்து சேரணும் டீச்சர். இன்னும் என்ன செய்யணும்?"

டீச்சர் ஒரு பாட்டிலில் ராக்கெட்டின் எடைக்குத் தண்ணீர் ஊற்றி, பாராசூட்டில் கட்டி, முத்துராக்கிடம் கொடுத்தார். அவன் பக்கத்திலிருந்த தண்ணீர்த் தொட்டி மேல் ஏறிப் போட்டான்.

பூ மாதிரிதான் இறங்கியது. ஆனால் இறங்கிக்கொண்டே போனது. கண்மாய்க் கரையைத் தாண்டிக் கருவேலங்காட்டுக்குள் போய் விழுந்தது. அருளப்பன் தேடி எடுத்து வருவதற்குள் கையெல்லாம் முள் கீறல்.

"தொட்டி உசரத்துக்கே இவ்வளவு தூரம்ணே," என்றார் டீச்சர்.

பாராசூட்டை வாங்கி மடியில் விரித்தார். கத்தரிக்கோலை எடுத்து, நட்டநடுவில் வட்டமாக வெட்டினார்.

அருளப்பன் குனிந்து தடுக்கக் கை நீட்டினார்.

"டீச்சர், ஓட்டையா போடுறீங்க?"

"ஆமாண்ணே."

"வேகமா விழுமே."

"கொஞ்சம் வேகமாத்தான் வரும்."

"அடிபடுமே."

"படலாம்."

"அதுக்கா நான் கண்ணு வலிக்க வலிக்கத் தைச்சேன்?"

"காத்து வெளியே போக ஒரு வழி வேணும்ணே. இல்லேன்னா இதையும் தூக்கிட்டுப் போயிடும்."

ராக்கெட்டுக்குள் சூடு தாங்கப் பஞ்சை வைத்து, பாராசூட்டைச் சுருட்டித் திணித்து, மூக்கை மூடி நிறுத்தினார். அதைப் பற்றவைக்கும் பொத்தானை அருளப்பன் கையில் கொடுத்தார்.

"விடுறதும் வீட்டுக்குக் கொண்டுபோறதும் உங்க இஷ்டம்."

அருளப்பன் பொத்தானையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்கும் ஞாயிறுதான். சாயங்காலம் போன் வரும். இன்னொரு தடவை காற்றின் மேல் பழியைப் போட அவருக்கு வாய் வரவில்லை.

அழுத்தினார்.

சீறிக்கொண்டு ஏறியது. உச்சியில் 'டப்' என்று ஒரு சத்தம். நைலான் சேலை விரிந்தது. அவர் அண்ணாந்தபடியே ஓடினார். செருப்பு ஒன்று கழன்று எங்கோ போனது. காற்று இழுத்துப் பார்த்தது. ராக்கெட் கரையைத் தாண்டாமல், வெடித்த களிமண்ணில் சொத்தென்று விழுந்தது.

டீச்சர் வந்து சேர்ந்தபோது அருளப்பன் மண்ணில் உட்கார்ந்திருந்தார். மடியில் ராக்கெட். ஒரு இறக்கை விண்டு தொங்கியது.

"சொன்னேனே டீச்சர். உடைஞ்சிடுச்சு."

டீச்சர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். அந்த இறக்கையை விரலால் மெல்ல நிமிர்த்திப் பார்த்தார்.

"மடியில கிடக்குல்லண்ணே. ஒட்டிக்கலாம்."