ரயில் கடையின் முகப்பு

எலுமிச்சம்பழ மூட்டைகள் அடுக்கிக் கிடக்கும் புளியங்குடி பஜாரில் வேலாயுதம் என்பவர் காராச்சேவும் மிக்சரும் விற்றுவந்தார். கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. முகப்புச் சுவர் முழுவதும் ஒரு நீல ரயில் வரையப்பட்டிருந்தது. அதனால் ஊருக்கு அது ரயில் கடை. குடும்பம் இருந்தது கடையின் பின்கட்டில். மூத்தவன் குமரேசன் பேசத் தொடங்கியபோதே அவன் தாய் பிச்சம்மாள் சொல்லிவைத்திருந்தாள்: "எங்கயாவது வழி தெரியாமப் போயிட்டா, ரயில் கடைன்னு சொல்லு. கொண்டாந்து விட்டுருவாங்க."

ஐந்து வயதில் அவன் தொலைந்தான். சங்கரன்கோவில் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் அவன் கை எப்போது தன் கையிலிருந்து நழுவியது என்று வேலாயுதத்துக்கு இன்றுவரை தெரியாது. போலீஸில் எழுதிக் கொடுத்தார்கள். ஊர் ஊராகத் தேடினார்கள். கிடைக்கவில்லை. தங்கை இசக்கி அப்போது கைக்குழந்தை.

அதன்பின் பிச்சம்மாள் அந்த ரயிலை மங்கவிட்டதில்லை. பெயிண்டர் தாவூது ஒவ்வொரு பொங்கலுக்கும் வந்து அதே நீலத்தைப் பூசிவிட்டுப் போவார். பஸ் ஸ்டாண்டுக்குப் புதிதாக யார் ஆட்டோ ஓட்ட வந்தாலும் பிச்சம்மாள் தேடிப் போவாள். "யாராவது ரயில் கடை எங்கன்னு கேட்டா இங்க கூட்டிட்டு வாங்கய்யா" என்பாள். சாகும் தறுவாயில் கணவனிடம், "புள்ள வந்தா வீடு தெரியணும். ரயில அழிச்சிராதீங்க" என்றாள். அழிக்கமாட்டேன் என்று அவர் வாக்குக் கொடுத்தார்.

கணவனை இழந்த இசக்கி இரண்டு பெண்குழந்தைகளோடு பிறந்த வீட்டுக்கே திரும்பிவந்தாள். கடையும் அவள் கைக்கு வந்தது. அவள் கைப்பக்குவத்தில் குறை இல்லை. ஆனால் எதிரே கண்ணாடி முகப்போடும் விளக்கு வரிசையோடும் ஒரு பலகாரக் கடை திறந்திருந்தார்கள். வெளியூர்க்காரர்கள் பஸ்ஸை விட்டு இறங்கி நேரே அங்கே போனார்கள். "இது பொம்மைக் கடை போல" என்று ஒரு பெண் தன் கணவனிடம் சொல்லிக்கொண்டே கடந்துபோனதை இசக்கி காதாரக் கேட்டாள். நமுத்துப்போன காராச்சேவை மூட்டை கட்டி மாட்டுக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. அவளுடைய மூத்த மகள் பள்ளிக்கூடம் போவது நின்றது.

இசக்கி தகப்பனிடம் வந்து நின்றாள். "முகப்ப மாத்தணும்ப்பா. உள்ள என்ன விக்கோம்னே யாருக்கும் தெரியல."

"ஒங்கம்மைக்கு வாக்குக் கொடுத்திருக்கேன் தாயி."

"வராத புள்ளைக்காக, இருக்கிற புள்ளைகளப் பட்டினி போடணுமாப்பா?"

சொல்லிவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மறுநாள் வேலாயுதமே தாவூதிடம் போனார். "சுவரச் சுரண்டி வெள்ளையடிச்சிட்டு, புது முகப்பு போட்டுரு."

"அண்ணாச்சி, நல்லா யோசிச்சீங்களா?"

"யோசிச்சா முடியாது. செஞ்சிரு."

வேலை நடந்த நாட்களில் அவர் தென்காசியில் தங்கை வீட்டில் போய் இருந்துகொண்டார். தாவூதால் சுவரில் சுரண்டும் கரண்டியை வைக்க முடியவில்லை. ரயிலை அப்படியே விட்டு, அதன் மேல் சட்டம் அடித்துத் தகடுகளால் மூடினார். யாரிடமும் சொல்லவில்லை. பளிச்சென்ற முகப்பு, கண்ணாடி அலமாரி, விளக்கெரியும் எழுத்துகளில் 'இசக்கி ஸ்வீட்ஸ்'. கூட்டம் வந்தது. மூத்த மகள் மறுபடி பள்ளிக்குப் போனாள். வேலாயுதம் மட்டும் முன்வாசலைப் பார்க்கப் பிடிக்காமல் பின்சந்து வழியாகவே வந்துபோனார்.

அடுத்த ஆடியில், மிக்சர் வாங்க வந்த ஆட்டோக்காரப் பையன் பேச்சுவாக்கில் சொன்னான். "அக்கா, போன வாரம் ஒருத்தர் வந்தாரு. தோள்ல ஒரு பொம்பளப் புள்ள. இங்க ரயில் கடைன்னு ஒண்ணு இருக்கான்னு கேட்டாரு. சின்ன வயசுல பாத்ததாம். ஊரு பேரு தெரியாதாம், எலுமிச்சம்பழ மூட்டையா அடுக்கிக் கிடக்குமாம், அதான் நெனப்பிருக்காம். நான் இங்க வந்தே நாலு மாசம்தான். அப்படி எதுவும் இல்லையேன்னுட்டேன். பஜார ஒரு சுத்துச் சுத்திப் பாத்துட்டு பஸ் ஏறிட்டாரு."

இசக்கி கல்லாவை அப்படியே விட்டுவிட்டுப் பின்கட்டுக்கு ஓடித் தகப்பனிடம் சொன்னாள்.

சேதி கேட்ட வேலாயுதம் கடப்பாரையோடு முன்வாசலுக்கு வந்தார். தாவூது ஓடிவந்து, "அண்ணாச்சி, ரயில் உள்ளதான் இருக்கு, நான் அழிக்கல" என்று கதறினார். இசக்கி இருவருக்கும் நடுவே நின்றாள். "இத ஒடைச்சா இந்தப் புள்ளைக திரும்பவும் தெருவுல நிக்கும். ஒடைக்க விடமாட்டேன்."

வாக்கை மீறிய வேலாயுதம், மறைத்தாலும் அழிக்காமல் காத்த தாவூது, முகப்பை மாற்றச் சொல்லி, இப்போது உடைக்கவும் விடாத இசக்கி. இதில் யார் செய்தது சரி?

என்னைக் கேட்டால், இசக்கி செய்தது சரி. உயிரோடிருக்கும் குழந்தைகளின் சோற்றுக்காக ஒரு சுவரை மாற்றுவதில் பாவம் இல்லை. தாவூதின் மனது பெரியது; ஆனால் தகட்டுக்குப் பின்னால் இருக்கும் ரயில் யாருக்கும் வழி காட்டாது. வேலாயுதம் வாக்கை மீறியதும் குற்றமில்லை. மீறிவிட்டோமே என்ற வெட்கத்தில் வாயை மூடிக்கொண்டாரே, அதுதான் தவறு. பிச்சம்மாள் கேட்டது பிள்ளைக்கு வீடு தெரிய வேண்டும் என்று. இந்த இடம்தான் ரயில் கடை என்று பஸ் ஸ்டாண்டில் ஒரு வார்த்தை சொல்லிவைத்திருந்தால் போதும். அதை மூவருமே செய்யவில்லை. அன்று இசக்கி வழிவிடாததால் வேலாயுதம் கடப்பாரையைக் கீழே போட்டார். இப்போது தினமும் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கும் ஒவ்வொருவனிடமும், "எந்தக் கடையத் தேடுறீங்க தம்பி?" என்று கேட்கிறார். குமரேசன் இன்னும் வரவில்லை.