கடைசியில் யார் நீந்துவது?

பவளப்பாறை ஒன்றில் ஆறு பச்சை மீன்கள் இருந்தன. ஒவ்வொன்றும் விரல் நீளம்தான். பாறைக்கு அடியில் ஒரு கலவா மீன் குடியிருந்தது. அது வாயைத் திறந்தால் ஆறும் ஒன்றாக உள்ளே போகும். அதனால் ஆறும் ஒட்டிக்கொண்டே திரிந்தன. கலவாவின் நிழல் அசைந்தால் போதும், ஆறும் ஒரே மீனைப்போலத் திரும்பும்.

ஒருநாள் வலை வந்தது. ஆறையும் அள்ளியது. ஊருக்குள் ஒரு பல் டாக்டரின் ஆஸ்பத்திரியில், நோயாளிகள் காத்திருக்கும் அறையில், கண்ணாடித் தொட்டிக்குள் கொண்டுபோய் விட்டார்கள்.

தொட்டியில் உப்புத் தண்ணீர் இருந்தது. கற்கள் இருந்தன. ஒரு மூலையில் பம்பு ஓடியது. கல் பொந்தில் ஓர் இறால் குடியிருந்தது. கலவா இல்லை.

முதல் வாரம் ஆறும் பழக்கத்தில் ஒட்டிக்கொண்டே நீந்தின. பிறகு நெடியன் நின்றான். ஆறில் அவன்தான் பெரியவன்.

"எதுக்கு ஒருத்தர் வாலை ஒருத்தர் மோந்துக்கிட்டுத் திரியணும்? இங்கதான் கலவா இல்லையே. அவனவன் இஷ்டத்துக்கு இருங்க," என்றான்.

எல்லோருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கீற்றுக்கும் பட்டது. முதுகில் ஒரு கறுப்புக் கோடு இருந்ததால் அவளுக்கு அந்தப் பெயர். பயமே இல்லாத இடத்தில் கூட்டம் எதற்கு என்று கேட்டால் அவளுக்கும் பதில் தெரியாது. ஆளுக்கொரு கல்லைப் பிடித்துக்கொண்டார்கள்.

தீனி காலையில் ஒருமுறைதான். ஆஸ்பத்திரியைக் கூட்டுகிற பெண் இடது மூலையில் ஒரு சிட்டிகை போடுவாள். எப்போதும் அதே மூலை. நெடியன் அந்த மூலையைத் தன்னுடையது என்றான். அவன் தின்ற பிறகுதான் மினுக்கி. அவளுக்குப் பிறகு கீற்று. பிறகு சுண்டு, பிறகு சிப்பி. கடைசியில் ஊசி. ஊசிக்கு வந்து சேர்வது வெறும் தூள்.

பசி தாங்காமல் ஊசி ஒருநாள் முந்தினான். நெடியன் அவன் வாலைக் கடித்தான். பார்த்துக்கொண்டிருந்த மினுக்கியும் கடித்தாள். சுண்டு கடித்தான், சிப்பி கடித்தாள். கீற்றும் கடித்தாள். கடிக்காமல் நின்றால் அடுத்த கடி தனக்கு என்று நினைத்தாள். அவ்வளவுதான் காரணம்.

ஊசி பம்புக்குப் பின்னால் ஒளிந்தான். ஆறாம் நாள் அங்கேயே செத்தான்.

"இனி நிம்மதி," என்றாள் மினுக்கி. "சண்டை போட ஆளில்ல."

மறுநாள் காலை தீனி விழுந்தது. இப்போது கடைசியில் நின்றது சிப்பி. நெடியன் அவளைக் கடித்தான். மற்றவர்களும் கடித்தார்கள். சிப்பியும் பம்புக்குப் பின்னால் ஒளிந்தாள், ஒன்பது நாள் தாக்குப்பிடித்துச் செத்தாள்.

கூட்டுகிற பெண் சிறு வலையால் சிப்பியை எடுத்தாள். கண்ணாடிமேல் விரல் வைத்து எண்ணினாள்.

"ஆறு விட்டாக. நாலுதான் கெடக்கு. ஒண்ணை ஒண்ணு கடிச்சே தீந்துபோயிரும் போலிருக்கு," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கீற்றும் எண்ணிப் பார்த்தாள். நெடியன், மினுக்கி, தான், சுண்டு. சுண்டு போனால் கடைசியில் நிற்பது தான். அன்று தீனி நேரத்தில் கடி சுண்டுவுக்கு விழுந்தது. கீற்றுக்குத் தீனி இறங்கவில்லை.

மத்தியானம் தொட்டியின் நடுவில் வந்து கத்தினாள்.

"கலவா! கல்லுக்கு அடியில கலவா!"

அடுத்த நொடி நாலும் ஒட்டிக்கொண்டன. நெடியனே நடுவில் வந்து ஒண்டினான். மூன்று நாள் ஒரு கடி இல்லை. தீனி விழுந்தால் நாலும் சேர்ந்து போயின, சேர்ந்து தின்றன, சேர்ந்து திரும்பின. சுண்டுவின் வாலில் புதுச் சதை முளைக்கத் தொடங்கியது. கீற்றுக்குத் தன் சாமர்த்தியத்தை நினைத்துப் பெருமை.

நாலாம் நாள் மினுக்கி இறாலிடம் பேச்சுக் கொடுத்தாள்.

"உன் பக்கத்துலதான் கலவா இருக்காமே. உனக்குப் பயமில்லையா?"

"கலவாவா?" இறால் மீசையை வெளியே நீட்டியது. "இந்தப் பொந்துல திரும்பிப் படுக்க எனக்கே இடமில்ல. கலவாவை எங்க வச்சுக் குடித்தனம் பண்ண? உங்களுக்கு யாரு சொன்னா?"

நெடியன் கல்லைச் சுற்றி வந்தான். அடியில் எட்டிப் பார்த்தான். பிறகு கீற்றின் முன்னால் வந்து நின்றான்.

"ஏட்டி, மூணு நாள் என்னை நடுங்க வச்சியா? உன் பொய்க்குச் சுண்டு வாங்குவான் பாரு."

அன்று சுண்டுவுக்கு விழுந்த கடி முன் எப்போதும் விழாதது. அவனும் பம்புக்குப் பின்னால் போனான். அங்கே போனவர்கள் யாரும் உயிரோடு திரும்பியதில்லை.

கீற்று அவனைத் தேடிப் போனாள்.

"நீ அந்தப் பொய்யைச் சொல்லாமலே இருந்திருக்கலாம்," என்றான் சுண்டு.

"உனக்காகத்தான் சொன்னேன்."

"எனக்காகவா? நான் போனா அடுத்தது நீ. அதுக்காகச் சொன்னே. ஊசியை நீயும் கடிச்சே, நானும் கடிச்சேன். சிப்பியையும் அப்படித்தான். நமக்குள்ள எதுக்கு இந்தப் பூசி மெழுகுற பேச்சு?"

அவன் சொன்னது அத்தனையும் நிஜம்.

"காலையில தீனிக்கு வா," என்றாள் கீற்று.

"வந்தா முடிச்சிருவாங்க."

"எனக்கு முன்னால நீந்து. நான் பின்னால வாரேன்."

காலையில் தீனி விழுந்தது. சுண்டு முன்னால் போனான். கீற்று அவன் வாலை ஒட்டிப் போனாள்.

"தள்ளு," என்றான் நெடியன். "உன் இடம் அவனுக்கு முன்னால."

"இன்னிக்கு இதுதான் என் இடம்."

நெடியன் கடித்தான். வலித்தது. கீற்று நகரவில்லை. மறுபடி கடித்தான். அதற்குள் சுண்டு நாலு வாய் தின்றுவிட்டான்.

மினுக்கியும் கடிக்க வந்தாள். வந்தவள் நின்றாள். இந்த இரண்டு பேரும் போய்விட்டால் தொட்டியில் நெடியனும் தானும்தான். அப்போது கடைசியில் நிற்பது யார்? மினுக்கிக்குக் கர்வம் உண்டு. ஆனால் இந்த அளவுக்கு யோசிக்கத் தெரியும். கடிக்காமல் திரும்பிப் போனாள்.

மறுநாள் சுண்டு கீற்றின் பின்னால் வந்து நின்றான்.

"உன் வாலைப் பாரு, தேஞ்ச துடைப்பம் மாதிரி. இன்னிக்கு நீ முன்னால போ."

"நீ தாங்க மாட்டே."

"ஒரு நாள் தாங்குவேன். போடி."

மூன்றாம் நாள் மினுக்கி வந்தாள். "நான் ஒரு நாளைக்குத்தான். வால் கெட்டுப்போனா அப்புறம் இந்தக் கண்ணாடியில என் முகத்தை நானே பார்க்க முடியாது."

"முகத்துக்கும் வாலுக்கும் என்ன சம்பந்தம்?" என்றான் சுண்டு.

"உனக்குப் புரியாது. முன்னால போ."

அப்படியே முறை வைத்துக்கொண்டார்கள். நெடியனுக்குத் தலை சுற்றியது. ஒவ்வொரு காலையும் வேறொரு வால். நேற்றுக் கடிபட்டது இன்று முன்னால் போய்த் தின்றது, காயம் ஆறியது. கூடச் சேர்ந்து கடிக்கவும் ஆளில்லை. ஒருவரைத் துரத்தினால் மற்ற இருவரும் மூலையில் விழுந்த தீனியைக் காலி செய்தார்கள். மூலையைக் காத்து நின்றால் துரத்த முடியவில்லை. காவல் காத்தே அவன் வயிறு ஒட்டிப்போனது.

பத்தாம் நாள் வந்தான். தூரத்தில் நின்றான்.

"நானும் வரலாமா?"

சுண்டு கீற்றைப் பார்த்தான். கீற்று தன் வாலைப் பார்த்தாள். பாதி வளர்ந்திருந்தது.

"வா," என்றாள். "ஆனா இன்னிக்கு நீ கடைசி."

"நானா? கடைசின்னா…"

"ஒரு நாள்தான். நாளைக்கு நான்."

நெடியன் தயங்கினான். பிறகு பின்னால் போய் நின்றான். கீற்றின் வால் அவன் வாய்க்கு நேராக ஆடிக்கொண்டிருந்தது. ஒரு எட்டு எட்டினால் போதும். அவளுக்கும் அது தெரியும். ஆனாலும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

தீனி விழுந்தது. நாலும் ஒன்றாகத் திரும்பின. நெடியன் வாயை மூடிக்கொண்டு பின்னால் வந்தான். அன்று நாலு வயிறும் நிறைந்தது.

பயம் சேர்த்து வைத்த கூட்டம் பயம் போனதும் கலையும். கடைசி இடத்தை ஆளுக்கொரு நாள் ஏற்றுக்கொள்கிற கூட்டமே நிலைக்கும்.